டாட்டூ தொழிலில் நிலைத்து நிற்க: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போட்டு முடித்த நிமிடத்தில் அநேகமாக எல்லா டாட்டூவும் அழகாகத்தான் இருக்கும். மை புதிது, கோடு கன்னங்கரேல் என்று இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் தோல் பளபளக்கும். அப்போது எடுத்த படத்தை வைத்து யார் நல்ல கலைஞர் என்று சொல்வது கடினம். இரண்டு மூன்று மாதம் கழித்து, புண் முழுக்க ஆறியபின், கோடு கோடாகவே நிற்கிறதா, நிழல் திட்டுத் திட்டாகிவிட்டதா என்பதில்தான் வேலை தெரியும். ஐந்து வருடம் கழித்து இன்னும் தெளிவாகத் தெரியும்.

இந்தத் தொழிலில் பத்து இருபது வருடம் இருக்க நினைப்பவர், எல்லா முடிவையும் அந்த ஆறிய டாட்டூவை மனதில் வைத்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். யாரிடம் கற்பது, எந்த வேலையை ஒப்புக்கொள்வது, எவ்வளவு வாங்குவது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருவது, எல்லாமே அதில் அடங்கும். கீழே உள்ள படிகளை அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: மெஷினுக்கு முன்னால் பென்சில்

மெஷின் வாங்கும் ஆசை எல்லோருக்கும் முதலில் வரும். தள்ளிப்போடுங்கள். குறைந்தது ஒரு வருடம் தினமும் வரையுங்கள். அதிலும் டாட்டூவுக்கு உதவுகிற மாதிரி வரையுங்கள்: கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் நீளக் கோடு, ஒரே தடிமனில் வட்டம், எழுத்து, கறுப்பிலிருந்து வெறுமைக்குப் படிப்படியாக இறங்கும் நிழல்.

அப்புறம் ஒரு பயிற்சி. ஒரே ரோஜாவை உள்ளங்கை அளவிலும் கட்டைவிரல் அளவிலும் வரையுங்கள். சின்னதில் எந்தெந்த இதழ்க் கோடு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது என்று பாருங்கள். தோலுக்குள் போன மை வருடங்கள் போகப்போக மெல்லப் பரவும். காகிதத்திலேயே நெருக்கமாக இருக்கிற இரண்டு கோடு, தோலில் கொஞ்ச வருடத்தில் ஒரே கறையாகிவிடும். வடிவத்தைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். என்ன படம் என்று அப்போதும் புரிந்தால் அது தோலில் தாங்கும்.

டேப்லெட்டில் வடிவமைப்பது இன்று சாதாரணம், அதில் தப்பில்லை. ஆனால் உடம்பு தட்டையான திரை இல்லை. வரைந்ததை ஸ்டென்சிலாக (தோலில் ஒட்டி எடுக்கும் அச்சுப் பிரதியாக) எடுத்து ஒரு பாட்டிலிலோ நண்பரின் முழங்கையிலோ ஒட்டிப் பாருங்கள். கையைத் திருப்பும்போது நேர்க்கோடு எப்படி வளைகிறது என்பது அங்கேதான் புரியும்.

படி 2: யாரிடம் கற்பது

ஒரு ஸ்டூடியோவில் பயிற்சியாளராகச் சேர்ந்து கற்பதுதான் இன்னமும் சிறந்த வழி. ஒன்று முதல் மூன்று வருடம் ஆகலாம். பெரும்பாலும் சம்பளம் இருக்காது, சில இடங்களில் கட்டணமும் கேட்பார்கள். முதல் மாதங்களில் தரை துடைப்பதும் மேசை தயார் செய்வதும் ஸ்டென்சில் எடுப்பதும்தான் வேலையாக இருக்கும். அதை அலுத்துக்கொள்ளாதீர்கள். மேசையைச் சுத்தமாகத் தயார் செய்யத் தெரியாதவர் கையில் ஊசி கொடுக்கக் கூடாது.

ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். குருவின் ஆறிய வேலைகளின் படங்களைக் கேட்டுப் பாருங்கள், புதிதாகப் போட்டவை மட்டும் போதாது. வேலைக்கு நடுவில் போனை எடுத்தால் கையுறையை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். அவரிடம் முன்பு கற்றவர்கள் இப்போதும் தொழிலில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், காலம் எவ்வளவு, எதெதைக் கற்றுத்தருவார், எப்போதிலிருந்து சம்பாதிக்கலாம், அதில் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கஷ்டப்படுத்தினால்தான் கலை வரும் என்று ஒரு பேச்சு இந்தத் துறையில் உண்டு. அதை நம்பாதீர்கள். திட்டு, அவமானம், தகாத தொடுதல், முடிவே இல்லாத இலவச வேலை இதெல்லாம் பயிற்சி ஆகாது. அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஒரு வாரத்தில் டாட்டூ கலைஞர் ஆக்கிவிடுகிறோம் என்கிற வகுப்புகளில் மெஷினைப் பிடிக்கக் கற்கலாம், அவ்வளவுதான். எந்தத் தோலில் எப்போது கையை நிறுத்த வேண்டும் என்பது பலருடைய தோலைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வரும். வீட்டு அறையில் நண்பர்களுக்குப் போட்டுப் பழகுவது இவை எல்லாவற்றையும் விட மோசம். கெட்டுப்போவது அவர்கள் உடம்பு.

படி 3: சுத்தம்

இதில் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற தவறுகள் தோலைக் கெடுக்கும், இந்தத் தவறு ஆளையே கெடுக்கும். நியூயார்க் நகரம் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் பரவலைக் காரணம் காட்டி 1961இல் டாட்டூ போடுவதையே தடை செய்தது. அந்தத் தடை 1997இல்தான் நீங்கியது. ஒரு நகரத்தின் மொத்தத் தொழிலும் 36 வருடம் மறைந்து வாழ வேண்டியிருந்தது.

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மேசை விளிம்பில் இருந்தால் போதும். அதனால் முதல் வேலையாக நீங்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் மூன்று தவணை, ஏறக்குறைய ஆறு மாதம் பிடிக்கும். பயிற்சியில் சேரும்போதே தொடங்கினால், மனிதத் தோலைத் தொடுவதற்குள் முடிந்துவிடும். ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் பற்றிய பயிற்சிச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். பல இடங்களில் உரிமத்துக்கே அது வேண்டும்.

அன்றாட வேலையில் ஒரே ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: இந்தக் கையுறை கடைசியாக எதைத் தொட்டது? தோலைத் தொட்ட கையுறை மை பாட்டிலையோ விளக்கையோ தொட்டால், அந்தப் பொருளும் அசுத்தம்தான். அதனால்தான் வேலை தொடங்கும் முன்பே எல்லா மையையும் சின்னக் கப்களில் ஊற்றி, விளக்கின் கைப்பிடி, மெஷின், வயர், ஸ்ப்ரே பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுவிட வேண்டும். மறந்துபோன ஒரு பொருளை எடுக்க வேண்டுமானால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, எடுத்து வைத்துவிட்டுப் புதுக் கையுறை. அலுப்பாக இருக்கும். அந்த அலுப்புதான் அடுத்த முறை எதையும் மறக்காமல் இருக்க வைக்கும்.

ஊசியும் காட்ரிட்ஜும் (ஊசி பொருத்தி வரும், மெஷினில் மாட்டிக் கழற்றும் முனை) ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு முறை. காட்ரிட்ஜுக்குள் மை பின்னோக்கி மெஷினுக்குள் போகாமல் தடுக்கும் மெல்லிய சவ்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவானவற்றில் சில சமயம் அது இருக்காது. உபயோகித்த ஊசி குத்தினாலும் துளைக்காத கெட்டியான டப்பாவுக்குப் போக வேண்டும், அது நிறைந்ததும் மருத்துவக் கழிவாகப் போக வேண்டும். உலோக கிரிப் (மெஷினில் விரல் பிடிக்கும் பகுதி) வைத்து வேலை செய்தால் ஆட்டோகிளேவ் தேவை. 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் கிருமி நீக்கம் செய்யும் கருவி அது. கருவி ஓடுகிறது என்பதற்காகக் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்போர் சோதனை (எளிதில் சாகாத பாக்டீரிய வித்துகளை உள்ளே வைத்து, அவையும் செத்தனவா என்று பார்ப்பது) செய்துதான் உறுதிப்படுத்த முடியும்.

மையைக் குழாய்த் தண்ணீரில் கலக்காதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 2011ஆம் ஆண்டு இறுதியில் ஒரே கலைஞரிடம் டாட்டூ போட்டுக்கொண்ட பலருக்கு விடாப்பிடியான தோல் தொற்று வந்தது. மைக்கோபாக்டீரியம் செலோனே என்கிற, தண்ணீரில் வாழும் பாக்டீரியா. அந்தக் கலைஞர் சுத்தமாகத்தான் வேலை செய்திருந்தார். முன்கூட்டியே கலந்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையிலேயே கிருமி இருந்தது. அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் படிவத்திலும் எந்த நிறுவன மை, எந்தத் தொகுதி எண் என்று குறித்து வையுங்கள். பிரச்சினை வந்தால் எங்கிருந்து வந்தது என்று தேட அது ஒன்றுதான் வழி.

படி 4: தோலைப் படிப்பது

மை தங்க வேண்டிய இடம் மேல்தோலுக்குக் கீழே உள்ள டெர்மிஸ் அடுக்கு. தோராயமாக 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம், உடம்பின் இடத்துக்கு இடம் மாறும். மேலேயே நின்றுவிட்டால் தோல் உரியும்போது மையும் போய்விடும். ஆழமாகப் போனால் கொழுப்பு அடுக்கில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் மாதிரி படரும். பிளோஅவுட் என்பார்கள். மணிக்கட்டு, கையின் உட்பக்கம், கணுக்கால் மாதிரி மெல்லிய தோலில் இது சட்டென்று நடந்துவிடும்.

மை ஏன் அழியாமல் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உடம்பின் பாதுகாப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் மைத் துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது வெளியே வரும் மையை அடுத்த செல்கள் விழுங்கிக்கொள்கின்றன என்று 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். இப்படிக் கைமாறும்போது, காலப்போக்கில் கோட்டின் ஓரம் மங்குவதில் ஆச்சரியமில்லை. எவ்வளவு திறமை இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. வடிவமைக்கும்போதே அதற்கு இடம் விடலாம்.

கையின் நுட்பத்தில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது மெஷின் பிடித்த கையை அல்ல, மற்றக் கையை. தோல் மேளம் மாதிரி இறுக இழுக்கப்பட்டிருந்தால்தான் கோடு நடுங்காமல் போகும். வேலையில் பாதி இழுத்துப் பிடிப்பதுதான். அடுத்தது வேகப் பொருத்தம். ஊசி மெதுவாக ஓடும்போது கை வேகமாகப் போனால் கோடு புள்ளி புள்ளியாக விழும். ஊசி வேகமாக ஓடும்போது கை தயங்கினால் தோல் கிழிந்து புண்ணாகும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போவதுதான் ஆறாத வடுவுக்கு முக்கியக் காரணம். நிறம் ஏறவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஆறியபின் டச்-அப்பில் சரி செய்துகொள்ளலாம்.

சிலிக்கான் பயிற்சித் தோலில் தொடங்குங்கள். கோட்டுக்கு ஒன்றிரண்டு ரவுண்ட் லைனர் (வட்டமாகச் சேர்த்த ஊசிக் கொத்து), நிழலுக்கு ஒரு வளைந்த மேக்னம் (அகலமாக அடுக்கிய ஊசிகள்), இவ்வளவு போதும். பத்து வகை ஊசியை ஒரே நேரத்தில் வாங்கிக் குழம்ப வேண்டாம். மெஷினும் அப்படித்தான்: காயில், ரோட்டரி, வயர்லெஸ் பேனா எதுவானாலும் நம்பகமான ஒன்றை வாங்கி அதிலேயே கையைப் பழக்குங்கள். ஆனால் சிலிக்கானில் ரத்தம் வராது, வீங்காது, ஆறாது. அடுத்த பயிற்சி குருவின் மேற்பார்வையில் உங்கள் தொடையிலேயே இருக்கட்டும். அதற்கப்புறம் வரும் முதல் வாடிக்கையாளர்களுக்கு முன்கையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால் மாதிரி தாராளமான இடங்கள், எளிய வடிவங்கள். விலா, கழுத்து, விரல் எல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

கருமையான தோலில் வேலை செய்யக் கற்பதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. மை மெலனின் உள்ள மேல்தோலுக்குக் கீழே இருக்கிறது, ஆக நிறத்தைத் தோலின் நிறம் வழியாகத்தான் பார்க்கிறோம். அங்கே வெளிர் நிறங்கள் காணாமல் போகும், அழுத்தமான கறுப்பும் தாராளமாக விட்ட வெற்றிடமும் எடுபடும். நிறம் ஏறவில்லையே என்று அழுத்தி அழுத்திப் போட்டால் தழும்பு எழும்பும், கெலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தடித்த தழும்பு) வரும் வாய்ப்பும் இந்தத் தோலில் அதிகம். 'கறுப்புத் தோலில் டாட்டூ எடுபடாது' என்று ஒரு கலைஞர் சொன்னால், அவர் அதைக் கற்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தப் படியில் மிக முக்கியமான பழக்கம் ஒரு நோட்டுப் புத்தகம். யாருக்கு, எந்த இடத்தில், எந்த ஊசி, எந்த வோல்டேஜ், தோல் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அவர்களை வரச் சொல்லி, அதே வெளிச்சத்தில் படம் எடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். இலவச டச்-அப் உண்டு என்று சொன்னால் கட்டாயம் வருவார்கள். உங்கள் கையைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்கிற அளவுக்கு எந்த வகுப்பும் சொல்லாது.

படி 5: முடியாது என்று சொல்லக் கற்பது

வருமானம் குறைவாக இருக்கும் காலத்தில் இது கடினம்தான். இருந்தாலும் வயது வராதவர், குடித்துவிட்டு வந்தவர், வெயிலில் தோல் வெந்துபோனவர், கர்ப்பிணி ஆகியோருக்குப் போடாதீர்கள். மச்சத்தின் மேல் போடாதீர்கள், அது மாறுகிறதா என்று பின்னால் யாராலும் பார்க்க முடியாமல் போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர், கெலாய்டு வரும் உடம்பு உள்ளவர் ஆகியோரை மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வாமை எந்த மையிலும் வரலாம், ஆனால் சிவப்பில் அதிகம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வடிவத்திலும் மறுக்க வேண்டியவை உண்டு. விரலில் அரிசி அளவு எழுத்து கேட்பார்கள். நிற்காது என்று சொல்லி, பெரிதாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு கலைஞர் ஒருவருக்கென்று வரைந்ததை அப்படியே போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். புகைப்படத்தைப் பார்த்துப் போடுவதிலும் கவனம் வேண்டும்: இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் படத்தைப் பார்த்துப் போட்ட டாட்டூவுக்காகப் பிரபல கலைஞர் கேட் வான் டி மீது 2021இல் வழக்கு வந்தது. 2024இல் நடுவர் குழு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. ஜெயித்தார் என்றாலும் வருடக்கணக்கில் வழக்கு. இன்னொரு மக்களின் அடையாளமாக இருக்கும் வடிவங்களிலும் யோசியுங்கள். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மோகோ என்னும் பச்சை ஒருவரின் வம்ச வரலாற்றைச் சொல்வது. வெளியாருக்காக அவர்களே கிரிதுஹி என்று தனி வகை வைத்திருக்கிறார்கள்.

படி 6: பணக் கணக்கு

ஸ்டூடியோவோடு இரண்டு விதமாக ஒப்பந்தம் இருக்கும். ஒன்று, வருமானத்தில் பங்கு: பாதிக்குப் பாதி அல்லது அறுபது நாற்பது என்பது வழக்கம். இன்னொன்று, இடத்துக்கு நிலையான வாடகை. வாடிக்கையாளர் குறைவாக இருக்கும்போது பங்கு முறை பாதுகாப்பு, நிறைய வந்தபின் வாடகை முறை லாபம்.

விலை வைக்கும்போது ஊசி ஓடும் நேரத்தை மட்டும் கணக்குப் பண்ணுவதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் ஊசி ஓடுவது 20 மணி நேரம் இருந்தாலே அதிகம். மீதி வரைவது, பேசுவது, தயார் செய்வது, துடைப்பது. மாதச் செலவு, மை ஊசிச் செலவு, வரி, சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டி, அதை ஊசி ஓடும் மணி நேரத்தால் வகுங்கள். அதற்குக் கீழே விலை வைத்தால் உங்கள் கைக்காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள் என்று பொருள். மலிவு விலையைப் பார்த்து வருபவர் இன்னும் மலிவான இடம் கிடைத்தால் அங்கே போய்விடுவார்.

நேரம் ஒதுக்கும்போதே டெபாசிட் வாங்குங்கள். திருப்பித் தர மாட்டீர்கள், மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வீர்கள், எத்தனை நாள் முன்னால் சொன்னால் தேதி மாற்றலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வரிப் பணத்தை வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். வருடத்தில் சில மாதம் கூட்டம், சில மாதம் வெறுமை என்பது இந்தத் தொழிலின் இயல்பு, ஆகவே மூன்று மாதச் செலவாவது கையில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லா நாளும் நிறைந்துவிடுகிறதா? சரி, விலையை ஏற்றும் நேரம் வந்துவிட்டது.

படி 7: சட்டம் மாறிக்கொண்டே இருக்கும்

தென் கொரியாவில் 1992இல் உச்ச நீதிமன்றம் டாட்டூ போடுவது மருத்துவச் செயல் என்று சொன்னதால், மருத்துவர் அல்லாத கலைஞர்கள் எல்லோரும் சட்டத்துக்கு வெளியேதான் வேலை செய்தார்கள். 2025 செப்டம்பரில்தான் அங்கே நாடாளுமன்றம் அதை மாற்றச் சட்டம் இயற்றியது. ஜப்பானிலும் இதே மாதிரி இருந்த தடையை 2020இல் நீதிமன்றத் தீர்ப்பு நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களை மையில் கட்டுப்படுத்தியது. பரவலாகப் பயன்பட்ட ஒரு நீலத்துக்கும் ஒரு பச்சைக்கும் அந்தக் கட்டுப்பாடு அடுத்த வருடம் அமலுக்கு வந்தது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உரிமம், வயது வரம்பு, கழிவு, மை ஆகியவற்றுக்கு என்ன விதி என்று வருடத்துக்கு ஒரு முறையாவது அரசுத் தளத்தில் நேரடியாகப் பாருங்கள். வேறு நாட்டில் விருந்தினர் கலைஞராகப் போகும் முன்பும் இதே தேடல்.

படி 8: உடம்பு

திறமை இருந்தும் நாற்பது வயதில் தொழிலை விடுபவர்களில் பலருக்குக் காரணம் முதுகும் மணிக்கட்டும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டாட்டூ கலைஞர்களின் உடம்பில் உணர்கருவி பொருத்தி அளந்தபோது, மேல் முதுகுத் தசைகள் பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு மேலே உழைப்பது தெரிந்தது. நாம் வாடிக்கையாளருக்கு வசதியான நிலையைத் தேடுகிறோம், நமக்கு வசதியானதைத் தேடுவதில்லை. படுக்கையை உயர்த்துங்கள், கையைத் தாங்க ஆர்ம்ரெஸ்ட் வையுங்கள், அவரைத் திரும்பிப் படுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். தடித்த கிரிப் பிடித்தால் விரல் இறுக்கம் குறையும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். இரவில் விரல் மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள், தாங்கிக்கொண்டு உட்காராதீர்கள்.

பிலிப்பைன்ஸின் கலிங்கா மலையில் முள்ளைக் குச்சியால் தட்டிப் பச்சை குத்தும் ஹ்வாங்-ஓட் பாட்டி, 2023இல் தன் 106ஆவது வயதில் வோக் பிலிப்பைன்ஸ் இதழின் அட்டையில் வந்தார். வயதானபின் அவர் பெரிய வடிவங்களைப் பேத்திமுறைப் பெண்களுக்கு விட்டுவிட்டு, தன் முத்திரையான மூன்று புள்ளிகளோடு நிறுத்திக்கொண்டார். உடம்புக்கு ஏற்றபடி வேலையை மாற்றிக்கொண்டதைத்தான் நான் அவரிடம் வியக்கிறேன்.

படி 9: ஆட்கள் தேடி வர

சமூக வலைத்தளம் தேவைதான், ஆனால் அதற்குத் தரும் நேரத்துக்கு எல்லை வையுங்கள். புதிதாகப் போட்ட படமும் ஆறிய படமும் அருகருகே, நிறம் கூட்டும் ஃபில்டர் இல்லாமல், தேதி போட்டு வெளியிடுங்கள். பெரும்பாலும் ஒரே பாணியில் வேலையைக் காட்டுங்கள், எதற்காக உங்களிடம் வர வேண்டும் என்று பார்ப்பவருக்குப் புரியட்டும். வந்தவருக்குப் பராமரிப்பை எழுதியே கொடுங்கள்: மென்மையான சோப்பில் கழுவுவது, மெல்லிய பூச்சு, சொறியாமல் இருப்பது, இரண்டு மூன்று வாரம் நீச்சலும் நேர் வெயிலும் கூடாது என்பது. ஒரு வாரத்தில் நீங்களே கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்த ஒரு அழைப்புக்காகவே நண்பரைக் கூட்டி வருவார்கள்.

சொந்த ஸ்டூடியோ என்பது இதற்கெல்லாம் பின்னால். நல்ல கலைஞராக இருப்பதும் கடை நடத்துவதும் வேறு வேறு வேலை, சொந்தக் கடை இல்லாமலே நிறைவாக வாழும் கலைஞர்கள் நிறைய. இருந்தும் தொடங்குவதென்றால், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைப் பாருங்கள். கை கழுவுவதற்கென்றே தனித் தொட்டி வைக்க இடம் இருக்கிறதா, தரை தண்ணீர் உறிஞ்சாததா, உரிமம் தரும் அதிகாரி அந்தக் கட்டடத்துக்கு ஒப்புதல் தருவாரா, மருத்துவக் கழிவை எடுக்க ஆள் வருவாரா, ஆறு மாதம் ஒருவர்கூட வராவிட்டாலும் வாடகை கட்ட முடியுமா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், இப்போது இருக்கும் இடத்திலேயே இன்னும் ஒரு வருடம் வேலை செய்யுங்கள்.